மறைவுத் தேதி

காலை பதினொன்று இருபதுக்கு அந்த அழைப்பு வந்தபோது நான் அடிஸ்கேலைச் சட்டைக் கழுத்து வழியாக விட்டு முதுகைச் சொறிந்துகொண்டிருந்தேன். எங்கள் கூடத்தில் நாற்பது பேர் வரிசையாக உட்கார்ந்து, காதில் கருவியை மாட்டிக்கொண்டு பேசுவோம். இரண்டு பேருக்கு நடுவில் சாம்பல் நிறத் துணி ஒட்டிய ஒரு தடுப்பு. நான் இருப்பது விமானப் பயணச்சீட்டை மாற்றிக் கொடுக்கும் பிரிவு. பெயர்தான் அப்படி. நாள் முழுக்க நாங்கள் சொல்வதெல்லாம் மாற்ற முடியாது என்பதைத்தான். அதை எப்படிச் சொல்வது என்று இரண்டு வாரம் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். ‘உங்க நிலைமை எனக்கு நல்லாப் புரியுது’ என்று ஆரம்பிக்க வேண்டும். ‘ஆனா’ என்ற சொல் வாயில் வரக்கூடாது. அதற்குப் பதிலாக ‘அதே சமயம்’ என்று சொல்ல வேண்டும். பதினோரு வருடமாக ஆயிரக்கணக்கான பேருக்கு நான் ‘அதே சமயம்’ சொல்லியிருக்கிறேன். வீட்டில் மகள் ஏதாவது கேட்டால்கூட அதுதான் முதலில் வருகிறது.

“மேடம், அடுத்த வியாழக்கிழமைக்கு ஒரு டிக்கெட் போட்டிருக்கேன். அதை இன்னைக்கு சாயந்தரத்துக்கு மாத்தணும்.”

பின்னால் இரும்பை இரும்பால் தட்டும் சத்தம் கேட்டது. யாரோ “மூணுல நிக்குது, மூணுல நிக்குது” என்று கத்தினார்கள். அவர் லிஃப்ட் மெக்கானிக்காம். மொட்டை மாடியில் மோட்டார் அறைக்குள் நின்று பேசுகிறாராம். அப்பா ஊரில் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், நேற்று ராத்திரியிலிருந்து பேச்சு இல்லை, பார்க்க வேண்டியவர்கள் வந்து பார்த்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்று வரிசையாகச் சொன்னார். அழவில்லை. பழுதான லிஃப்டைப் பற்றி வீட்டுக்காரரிடம் விளக்குகிற மாதிரி, எது முதலில் நின்றது, எது இப்போது ஓடுகிறது என்று நிதானமாகச் சொன்னார்.

அவர் எடுத்திருந்தது எங்களிடம் இருப்பதிலேயே மலிவான சீட்டு. ‘இலகு’ என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறோம். அதை மாற்றவும் முடியாது, ரத்து செய்தால் ஒரு காசுகூடத் திரும்பி வராது. அன்று சாயந்தரமே போக வேண்டுமானால் புதுச்சீட்டுதான் எடுக்க வேண்டும். விலையைப் பார்த்தேன். அவர் கொடுத்ததைப்போல நான்கு மடங்கு. சொன்னேன்.

“அவ்வளவு இல்லை மேடம். இருந்ததை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டேன். வேற வழியே இல்லையா?”

ஒரு வழி இருந்தது. நெருங்கிய உறவினர் இறந்திருந்தால் கட்டணம் இல்லாமல் மாற்றிக் கொடுக்கலாம்; அதை விலக்கு என்போம். இறப்புச் சான்றிதழை இருபத்தொரு நாளுக்குள் அனுப்ப வேண்டும். இறந்திருந்தால்தான். இறந்துகொண்டிருந்தால் கிடையாது.

இதைத்தான் போன மாதம் இன்னொருவரிடம் சொன்னேன். குரலை வைத்துப் பார்த்தால் பள்ளிக்கூட வாத்தியாராக இருக்கலாம். அவருடைய அண்ணனுக்கு இதே நிலைமை. நான் ‘உங்க நிலைமை எனக்கு நல்லாப் புரியுது’ என்று தொடங்கி, ‘அதே சமயம்’ போட்டு, இறப்பு ஏற்பட்டால் மறுபடி அழைக்கலாம் என்று முடித்தேன். அவர் கொஞ்சம் யோசித்து, “இறந்த பிறகு கூப்பிடணும், இல்லையா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். இரண்டு நாள் கழித்து அழைத்தார். நாற்பது பேரில் அந்த அழைப்பு என்னிடமே வந்து விழுந்தது. “இப்போ இறந்துட்டாரும்மா. மாத்திக் கொடுங்க” என்றார். ஒரு சொல்கூடக் கடுமையாக இல்லை. நன்றி வேறு சொன்னார். எங்கள் அழைப்புகளில் சிலவற்றை ஒட்டுக்கேட்டு மதிப்பெண் போடுவார்கள். அந்த அழைப்புக்கு எனக்குப் பத்துக்குப் பத்து. அவருடைய பதிவைப் பிறகு எடுத்துப் பார்த்தேன். மூன்று வருடத்தில் எங்கள் விமானத்தில் பதினேழு முறை போயிருக்கிறார். அண்ணனின் சாவுக்குப் போனது பதினெட்டாவது. திரும்பி வந்தது எங்கள் விமானத்தில் இல்லை.

அந்தப் பத்துக்குப் பத்து ஒரு மாதமாகத் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றுகொண்டிருந்தது.

“அப்பா பேரு என்ன?” என்று மெக்கானிக்கிடம் கேட்டேன்.

“எதுக்கு மேடம்?”

“சொல்லுங்க.”

சொன்னார். விலக்குப் படிவத்தைத் திரையில் திறந்தேன். காரணம்: மரணம். உறவு: தந்தை. பெயர் அடித்தேன். அடுத்த கட்டம் மறைவுத் தேதி. அதை நிரப்பாவிட்டால் திரை நகராது. காலியாக விட்டுப் பார்த்தேன், சிவப்பாகத் துடித்தது. அன்றைய தேதியைப் போட்டேன். திரை நகர்ந்தது. சாயந்தரம் ஆறு பத்து விமானத்தில் ஐம்பத்தெட்டு இடங்கள் காலியாக இருந்தன. ஜன்னலோரமாக ஒன்றைக் கொடுத்தேன்.

“மாத்தியாச்சு. ஆறு பத்து. நாலு மணிக்கெல்லாம் அங்க இருங்க.”

“எவ்வளவு கட்டணும்?”

“ஒண்ணும் வேணாம்.”

அவர் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் கலைந்துவிடும் என்று பயந்திருப்பார். “சரிங்க மேடம், சரிங்க மேடம்” என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வைத்தார்.

அடுத்த இருக்கைக்காரனை நாங்கள் ரேடியோ என்போம். அழைப்பு இல்லாத நேரத்தில்கூட வாய் ஓயாது. சாப்பாட்டு நேரத்தில் அவன் தன் டிபன் பாக்ஸைத் திறந்தபடி, போன வாரம் யாருக்கோ விலக்குக் கொடுத்ததைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். “நம்ம மெஷினுக்கு எவ்வளவு பாசம் பாருங்கக்கா. நான் பட்டனை அமுக்கி ரெண்டு நிமிஷம் ஆகல, அந்த ஆளு போனுக்கு இரங்கல் கடிதம் போயிடுச்சு. அதுக்குக் கீழயே, கால் நீட்டி உக்கார சீட் வேணுமான்னு விளம்பரம்!”

இரங்கல் கடிதத்தை நான் அடியோடு மறந்துவிட்டேன். பதினோரு வருடமாக நான் விலக்குக் கொடுத்தவர்களுக்கெல்லாம் அது போயிருக்கிறது. உண்மையிலேயே செத்துப்போனவர்களின் வீட்டுக்குப் போனதால் யாருக்கும் அதனால் ஒரு கெடுதலும் இல்லை. ‘தங்கள் அன்புத் தந்தையாரின் மறைவுச் செய்தி அறிந்து ஆழ்ந்த துயரம் கொள்கிறோம்.’ மோட்டார் அறையில் நிற்கிற மனிதருக்கு, பதினொன்று முப்பதுக்கு, எங்கள் நிறுவனம் இதை அனுப்பியிருக்கிறது.

பயணிகளின் எண்ணைச் சொந்த போனில் கூப்பிட்டால் வேலை போகும். எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு மாடிப்படிக்குப் போனேன். மூன்றாவது முயற்சியில் எடுத்தார். மூக்கை உறிஞ்சும் சத்தமும் வண்டிகளின் ஹாரனும்தான் கேட்டன.

“விமான கம்பெனிலேர்ந்து பேசறேன். காலையில டிக்கெட் மாத்திக் கொடுத்தேனே.”

“அப்பா போயிட்டாரு மேடம். உங்க கம்பெனிலேர்ந்துதான் வந்துச்சு. வீட்டுக்கு அடிக்கிறேன், தங்கச்சி எடுக்க மாட்டேங்கறா. எனக்குச் சொல்லாம உங்களுக்கு எப்படி மேடம் சொன்னாங்க?”

“அது நான் போட்டது.”

“என்னது?”

“யாரும் சொல்லல. இறந்தாத்தான் இலவசமா மாத்த முடியும். அதனால இறந்துட்டாருன்னு நான் போட்டேன். கடிதம் தானா வந்திருக்கு. என்னை மன்னிச்சிடுங்க.”

திட்டுவார் என்று காத்திருந்தேன். நியாயமாகப் பார்த்தால் நான்கு திட்டு வாங்க வேண்டியவள்தான்.

“அப்போ இருக்காரா?”

“இருக்காரான்னு எனக்குத் தெரியாதுங்க. நான் போட்டது பொய். அது மட்டும்தான் தெரியும்.”

“போதும் மேடம்” என்றார். பிறகு டிரைவரிடமோ யாரிடமோ, “இருக்காராம்ப்பா, இருக்காராம்” என்று சொன்னது கேட்டது.

மூன்றாம் நாள் அவரே என் எண்ணுக்கு அழைத்தார். “அப்பா கண்ணைத் திறந்து பாத்தாரு மேடம். ‘லீவு எப்படிடா கிடைச்சுது’ன்னு கேட்டாரு.” ஐந்தாம் நாள், “ஆக்ஸிஜனை எடுத்துட்டாங்க.” எட்டாம் நாள், “சவரம் பண்ணி விட்டேன். கன்னத்துல ரெண்டு இடத்துல கீறிட்டேன். ஒரே திட்டு.” அவருடைய எண்ணை ‘மெக்கானிக்’ என்று சேமித்து வைத்திருந்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. உலகத்தில் ஒரு மனிதனாவது என் வேலையால் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தான் என்று மாடிப்படியில் நின்றுகொண்டு தனியாகச் சிரித்திருக்கிறேன். “உங்களுக்கு ஒண்ணும் பிரச்சனை இல்லையே மேடம்?” என்று ஒவ்வொரு தடவையும் கேட்டார். சேச்சே என்றேன்.

பிரச்சனை என் திரையில் இருந்தது. காலையில் கணினியைத் திறந்தவுடன் நிலுவைப் பட்டியல் வரும். நான் விலக்குக் கொடுத்தவர்களில் யார் யார் சான்றிதழ் அனுப்பவில்லை என்று அது காட்டும். முதல் வாரம் மெக்கானிக்கின் அப்பா வெள்ளையாக இருந்தார். இரண்டாவது வாரம் மஞ்சளாக மாறினார். இருபத்தொன்றாம் நாள் சிவப்பாகித் தணிக்கைப் பிரிவுக்குப் போய்விடுவார். போன வருடம் எங்கள் வரிசையில் ஒரு பெண் தன் தோழிக்கு இல்லாத மாமியாரைச் சாகடித்து விலக்குக் கொடுத்துவிட்டாள். தணிக்கை அவளைப் பிடித்த அன்று மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். அவளுடைய குடை ஆறு மாதம் மூலையில் தொங்கிக்கொண்டிருந்தது. என் கணவருக்கு வேலை போய் ஏழு மாதம். வீட்டில் சம்பளம் என்று வருவது என்னுடையது ஒன்றுதான்.

பன்னிரண்டாம் நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மெக்கானிக். விடிந்தும் விடியாத அந்த நேரத்தில் அவர் கூப்பிட்டதே இல்லை. என் மனதில் முதலில் வந்தது, அப்பாடா என்பது. சான்றிதழ் கிடைத்துவிடும், தலை தப்பிவிடும் என்று. ஒரு நொடிதான். ஆனால் முழுசாக ஒரு நொடி.

“மேடம், அப்பா எழுந்து உக்காந்துட்டாரு! தானா! உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன்.”

“ரொம்ப சந்தோஷங்க” என்றேன். பயிற்சியில் கற்றுக்கொண்ட குரல் அது. வாயிலிருந்த நுரையோடு அப்படியே நின்றேன். எங்கேயோ இருக்கிற ஒரு கிழவர் சாகட்டும் என்று பிரஷ்ஷைப் பிடித்துக்கொண்டு நினைத்தவள் நான். என்னைப் பார்க்க எனக்கே பிடிக்கவில்லை. கண்ணாடிக்கு முதுகைக் காட்டியபடி வாய் கொப்பளித்தேன். பஸ்ஸில் போகும்போதுதான் உறைத்தது. அவர் இன்றைக்கே இறந்தால்கூட என் தேதி ஒத்துவராது. நான் பன்னிரண்டு நாளுக்கு முன்பே அவரை முடித்துவிட்டேனே. பிரயோஜனமே இல்லாத ஒன்றுக்காகவா அப்படி நினைத்தேன் என்று இன்னும் கேவலமாக இருந்தது.

அந்த வாரம் மாதாந்தரக் கூட்டம் நடந்தது. எங்கள் பிரிவுத் தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் தாளம். யார் பேசினாலும் பேனாவால் மேஜையைத் தட்டிக்கொண்டே கேட்பார். சுவரில் படம் போட்டுக் காட்டினார். சீட்டு மாற்றும் கட்டணத்தில் வருமானம் போன வருடத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடியிருந்தது. கை தட்டினோம். அடுத்த படத்தில் ஒரு கோடு படிக்கட்டில் இறங்குவதுபோல இறங்கிக்கொண்டே போனது. ஒருமுறை எங்களோடு பறந்தவர்களில் எத்தனை பேர் மறுபடி வருகிறார்கள் என்ற கணக்கு. அதை அவர் சீக்கிரமாகத் தள்ளிவிட்டார்.

ரேடியோவுக்கு வாய் சும்மா இருக்குமா? “சார், மாத்த முடியாதுன்னு சொன்னா அந்த ஆளு வர மாட்டான். சீட்டு காலியாப் பறக்குது. நமக்கு என்ன லாபம்?”

“அந்தக் காசு ஏற்கனவே நம்மகிட்டதான் இருக்கு” என்றார் தாளம்.

“அந்த ஆளு?”

பேனா இரண்டு தட்டு தட்டியது. “அடுத்த படத்துக்குப் போவோம்.”

நான் வாயைத் திறக்கவில்லை. மெக்கானிக் விட்டுக்கொடுத்த வியாழக்கிழமை இடத்தை அன்றைக்கே யாரோ மூன்று மடங்கு விலைக்கு வாங்கியிருந்தார்கள். அதை நான் பார்த்துவிட்டேன். அவர் ஏறிப் போனதோ ஐம்பத்தெட்டு காலி இடங்களில் ஒன்றில். எப்படிக் கூட்டிக் கழித்தாலும் என் பொய்யால் நிறுவனத்துக்கு வரவுதான். அந்த வரவை எழுத அந்தப் படத்தில் ஒரு கோடும் இல்லை.

பத்தொன்பதாம் நாள், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால், நானாகவே தாளத்தின் கண்ணாடி அறைக்குள் போனேன். பிடிபட்டுப் போவதைவிடப் போய்ச் சொல்வது மேல் என்று தோன்றியது. கதவைச் சாத்தினேன். போனை மேஜைமேல் வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தட்டிக்கொண்டே கேட்டார். கேட்டுக்கொண்டே தன் கணினியில் அந்தப் பதிவைத் திறந்தார். கிழவரின் பெயரும் அதற்கு எதிரே நான் போட்ட மறைவுத் தேதியும் எனக்கும் தெரிந்தன.

“அன்னைக்கே என்கிட்ட வந்து கேட்டிருக்கலாமேம்மா.”

“கேட்டிருந்தா என்ன சார் சொல்லியிருப்பீங்க?”

யோசித்தார். பொய் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. “இறந்த பிறகு கூப்பிடச் சொல்லியிருப்பேன்.”

“இந்தத் தேதியை எடுத்துட முடியுமா சார்? அவர் டிக்கெட்டுக்கு உண்டானதை என் சம்பளத்துல பிடிச்சுக்கட்டும்.”

எடுத்துப் பார்த்தார். கட்டம் சிவப்பாகத் துடித்தது. வேறு தேதி போடலாம், காலியாக விட முடியாது. இரண்டு மூன்று விதமாக முயன்றுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

“இப்போ எப்படி இருக்காரு?”

“நேத்து வராண்டா வரைக்கும் நடந்தாராம்.”

“ப்ச்” என்றார்.

சொன்ன பிறகுதான் அவருக்கே அது காதில் விழுந்தது. முகம் ஒருமாதிரி ஆகிவிட்டது. எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. பல் தேய்க்கும்போது எனக்குள் வந்ததுதான் அவருக்கு வாய்வழியாக வந்துவிட்டது. பேனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார். பதினோரு வருடத்தில் அவ்வளவு பரிவாக அவர் என்னிடம் பேசியதில்லை.

“பாரும்மா. இன்னும் ரெண்டு நாள் இருக்கு. வயசானவரு, ஏற்கனவே ஒரு தடவை கிட்ட போயிட்டு வந்தவரு. இந்த ரெண்டு நாள்ல ஏதாவது ஆச்சுன்னா சான்றிதழை வாங்கி என்கிட்ட கொடு. தேதி முன்னப்பின்ன இருந்தா நான் பாத்துக்கறேன். கையெழுத்துப் போட்டு மூடிடலாம். தணிக்கைக்குப் போகாது.”

“ஆகலைன்னா?”

பேனா மேஜையைத் தொடாமல் காற்றில் நின்றது. அவர் பதில் சொல்வதற்குள் போன் அதிர ஆரம்பித்தது. மேஜைக் கண்ணாடிமேல் உறுமிக்கொண்டு அது மெல்ல அவர் பக்கம் நகர்ந்தது. மெக்கானிக் என்ற பெயரை இரண்டு பேரும் பார்த்தோம். யார் என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எடு என்றும் அவர் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவர் என் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தார். நானும் அப்படித்தான்.

எடுத்தேன். ஒலிபெருக்கியை அமுக்கி மேஜைமேலேயே வைத்தேன்.

“மேடம், ஒரு நிமிஷம். அப்பா பேசணுங்கறாரு. சொன்னாக் கேக்க மாட்டேங்கறாரு.”

போன் கை மாறும் சத்தம். துணி உரசியது. பிறகு மூச்சு. இழுத்து, நின்று, மறுபடி இழுக்கிற மூச்சு. அந்தக் கண்ணாடி அறை முழுக்க அதுதான் கேட்டது.

“யாரு... என் பையனை... அனுப்பி வெச்ச பொண்ணா?”

“ஆமாங்கய்யா.”

“நான் செத்துட்டேன்னு... எழுதினியாமே.” ஒரு இருமல். அது சிரிப்பாகவும் இருக்கலாம். “சாப்பிட்டியாம்மா?”

திரையில் அவருடைய பெயருக்கு எதிரே அந்தத் தேதி அப்படியே இருந்தது. தாளம் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அந்தப் பக்கம் கிழவர் இன்னும் ஏதோ சொல்ல நினைத்து, அதற்கான மூச்சு வருவதற்காகக் காத்திருந்தார். நாங்களும் காத்திருந்தோம்.